பிஎல் பெரிதாக இருந்தால் பாஸ் பெரிதாக இருக்குமா? சப்வூஃபர் கேள்வி–பதில்

அடி பாஸுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரின் ‘மோட்டார்’ பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. காந்தம், அதன் இரும்புத் தகடுகள், நடு இடைவெளியில் நின்று கோனை (ஸ்பீக்கரின் கூம்பை) ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் மூன்றும் சேர்ந்ததுதான் மோட்டார். கணக்குகளுக்கு ஒரே 12 இஞ்சு ஸ்பீக்கரை எடுத்துக்கொள்கிறோம். பிஎல் (மோட்டாரின் தள்ளுவிசை அளவு) 14, ஆர்ஈ (காயிலின் மின்தடை) 3.4 ஓம், எஃப்எஸ் (கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 28 ஹெர்ட்ஸ், எம்எம்எஸ் (அசையும் பாகங்களின் எடை) 150 கிராம், க்யூஎம்எஸ் (கோனின் தாங்கிகள் ஆட்டத்தை எவ்வளவு அடக்குகின்றன என்ற எண்) 5, விஏஎஸ் (கோனின் தாங்கிகள் அளவுக்கே நெகிழும் காற்றின் அளவு) 76 லிட்டர். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிற ரகம்தான்.

கோயம்புத்தூர் வாசகர்: இரண்டு 12 இஞ்சு சப்வூஃபர்களின் விவரத்தாளை ஒப்பிட்டேன். ஒன்றில் பிஎல் 20, மற்றதில் 14. விலை ஏறக்குறைய ஒன்றே. 20 உள்ளதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

அந்த 20-க்குப் பக்கத்தில் ஆர்ஈ எவ்வளவு என்று பார்த்தீர்களா? அது 7 ஓம் என்றும், 14 உள்ளதன் ஆர்ஈ 3.4 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு மோட்டாரும் ஒரே பலம்தான்.

ஓர் ஆம்பியர் மின்னோட்டம் கொடுத்தால் கோனை எத்தனை நியூட்டன் விசையோடு தள்ளும் என்பதே பிஎல். மெல்லிய கம்பியில் அதிகச் சுற்று சுற்றினால் பிஎல் தானாக ஏறும். கூடவே கம்பியின் மின்தடையும் ஏறும். அதே ஆம்பியரைச் செலுத்த அதிக வோல்டேஜ் வேண்டும், காயில் அதிகம் சூடாகும். ஆகவே பிஎல்லை பிஎல்லால் பெருக்கி ஆர்ஈயால் வகுக்க வேண்டும். 20 × 20 ÷ 7 = 57.1. 14 × 14 ÷ 3.4 = 57.6. வித்தியாசம் ஒன்றுமில்லை.

இந்த எண்ணுக்கு நேரடியான பொருள் உண்டு. காயிலில் 1 வாட் வெப்பமாகும்போது கோனில் கிடைக்கும் தள்ளுவிசையின் வர்க்கம் அது. 57.6-க்கு வர்க்கமூலம் எடுத்தால் 7.6. அதாவது ஒரு வாட்டுக்கு 7.6 நியூட்டன். முதல் ஸ்பீக்கரில் 1 வாட்டுக்கு 0.38 ஆம்பியர், இரண்டாவதில் 0.54 ஆம்பியர் ஓடும். அவரவர் பிஎல்லால் பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் அதே 7.6 வரும்.

இரட்டை வாய்ஸ் காயில் ஸ்பீக்கரில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஒரே ஸ்பீக்கரை சீரிஸில் இணைத்து அளந்தால் பிஎல் இரட்டிப்பாகத் தெரியும், பேரலலில் அளந்தால் பாதியாகத் தெரியும். ஆர்ஈயால் வகுத்த எண் மட்டும் மாறாது. எந்த இணைப்பில் அளந்தது என்று சொல்லாத விவரத்தாளில் பிஎல்லைப் படிப்பதே வீண்.

சேலம் வாசகர்: விளம்பரத்தில் ‘160 அவுன்ஸ் காந்தம்’ என்கிறார்கள். காந்தத்தின் எடையை வைத்து பலத்தைக் கணிக்கலாமா?

முடியாது. 160 அவுன்ஸ் என்பது நாலரை கிலோ. அது காந்தத்தின் எடை மட்டுமா, மேல் கீழ் இரும்புத் தகடுகளும் சேர்ந்ததா என்பதை எங்கேயும் எழுத மாட்டார்கள். பின்புறம் ரப்பர் கவர் போட்ட மாடல்களில், கவரின் விட்டத்தைவிட உள்ளே இருக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சிறியதாகவே இருக்கும்.

எடை உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், காயிலுக்கு வேண்டியது அது நிற்கும் சந்துக்குள் உள்ள காந்தப்புலம்தான். நடுவிலுள்ள போல் பீஸும் மேல் தகடும் இரும்பு. இரும்பு சுமார் 2 டெஸ்லா அளவில் நிறைவுற்றுவிடும். அதன்பிறகு எவ்வளவு காந்தம் அடுக்கினாலும், நிரம்பிய குடத்தில் ஊற்றுகிற தண்ணீர் போல வெளியே வழியும். சந்து அகலமானாலும் புலம் குறையும். ரீகோன் (கோனையும் காயிலையும் மாற்றிப் பழுதுபார்ப்பது) செய்யும்போது காயில் உரசாமல் இருக்க வசதி என்று சந்தின் அகலத்தைக் கூட்டிய மலிவு மாடல்களில் பெரிய காந்தம் இருந்தும் பலம் இருக்காது. ஃபெரைட்டைவிட நியோடைமியத்தின் காந்தச் செறிவு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் கையளவு நியோடைமியம் தட்டளவு ஃபெரைட்டுக்கு ஈடுகொடுக்கும்.

தஞ்சாவூர் வாசகர்: விவரத்தாளில் போட்டிருக்கும் பிஎல் உண்மையா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, கால்குலேட்டர் போதும். இந்த எண்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் போட்ட அடித்தளத்தின் மேல் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் முழுமையாக்கிய முறை இது. ஒன்றில் பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

6.28-ஐ எஃப்எஸ், கிலோவில் எழுதிய எம்எம்எஸ், ஆர்ஈ மூன்றாலும் பெருக்கி க்யூஇஎஸ்ஸால் (மோட்டார் கோனின் ஆட்டத்தை எவ்வளவு அடக்குகிறது என்ற எண்; எண் குறைந்தால் அடக்கம் அதிகம்) வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். பிஎல் வர வேண்டும். உதாரணமாக எஃப்எஸ் 30, எம்எம்எஸ் 180 கிராம், ஆர்ஈ 3.5, க்யூஇஎஸ் 0.45 என்று ஒரு தாள் சொன்னால், பிஎல் 16.2-தான் இருக்க முடியும். அதே தாளில் 25 என்று அச்சிட்டிருந்தால் யாரோ கைக்கு வந்ததை எழுதியிருக்கிறார்கள். ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் விட்டுவிடுங்கள், அளவீட்டில் அது சகஜம். இருபது சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தாளின் வேறெந்த எண்ணையும் நம்பிப் பெட்டி அறுக்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: 41 லிட்டர் மூடிய பெட்டியில் உங்கள் கணக்கில் வருவதைப் போன்ற ஸ்பீக்கரே போட்டிருக்கிறேன். முதல் இரண்டு பாட்டு கட்டாக, சுத்தமாக இருக்கிறது. அரை மணி நேரம் சத்தமாக ஓடினால் பாஸ் ‘கும் கும்’ என்று இழுக்கிறது, சத்தமும் குறைகிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கோளாறா?

ஆம்ப் நிரபராதி. மோட்டார் சூடாகி பலம் இழக்கிறது.

தாமிரக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். காயில் 100 டிகிரி சூடேறுவது பெரிய விஷயமே இல்லை. அப்போது 3.4 ஓம் 4.7 ஓம் ஆகிவிடும். குளிர்ந்திருக்கும்போது 0.46 ஆக இருந்த க்யூஇஎஸ் 0.64-க்குப் போகும். 0.42 ஆக இருந்த க்யூடிஎஸ் (க்யூஇஎஸ், க்யூஎம்எஸ் இரண்டும் சேர்ந்த எண்) 0.56 ஆகும். 41 லிட்டர் பெட்டியில் மொத்த க்யூ (ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்த எண்) 0.7 என்று யாரோ சரியாகவே கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சூட்டில் அது 0.95. நீங்கள் கேட்கும் ‘கும்’ அதுதான். சத்தத்தில் கிட்டத்தட்ட 3 டெசிபல் போய்விடும். கை தானாக வால்யூமைத் திருகும், காயில் இன்னும் சூடாகும்.

இது காயிலின் கதை மட்டும். நீண்ட நேரம் ஓடும்போது காந்தமும் மெல்லச் சூடேறும். ஃபெரைட் டிகிரிக்கு 0.2 சதவீதம் பலம் இழக்கும். 40 டிகிரி ஏறினால் பிஎல் 8 சதவீதம் குறையும், வர்க்கக் கணக்கில் 15 சதவீதம். ஆறினால் திரும்பி வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

முதலில் ஸ்பீக்கரின் பின்புறம் நடுவில் காற்றுத் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதற்கும் பெட்டியின் பின்சுவருக்கும் இடையே துளையின் விட்டம் அளவுக்காவது இடம் விட வேண்டும். ஆழமில்லாத பெட்டிகளில் இந்தத் துளை பலகையோடு ஒட்டி அடைபட்டுக் கிடப்பது அடிக்கடி நடக்கிற தவறு. அடுத்தது ஒயர். ஆம்பிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. ஒயர் இழுத்திருந்தால் போக வர 20 மீட்டர், தடை 0.34 ஓம். இது ஆர்ஈயில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு மோட்டார் பலத்தை நீங்களே கையால் வெட்டியதாக அர்த்தம். 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் 0.14 ஓமில் முடியும். இவ்வளவும் சரியாக இருந்தால் மிச்சம் பெட்டிதான். 73 லிட்டராக மாற்றினால் குளிர்ந்த நிலையில் மொத்த க்யூ 0.6, சூட்டில் 0.8. இரண்டும் காதுக்குப் பழுதில்லை. அவ்வளவு இடம் இல்லையென்றால் உள்ளே பாலியஸ்டர் பஞ்சை உதிரியாக நிரப்புங்கள். பெட்டி பத்துப் பதினைந்து சதவீதம் பெரிதானது போல நடந்துகொள்ளும்.

திருப்பூர் வாசகர்: அப்படியானால் மோட்டார் பலம் கூடக்கூட நல்லதுதானே?

மூடிய பெட்டியில் போட்டு ஈக்வலைசர் தொடாமல் கேட்கிறவருக்கு நல்லதில்லை. நம் ஸ்பீக்கரின் பிஎல்லை மட்டும் 19 ஆக்குங்கள். பலம் 57.6-லிருந்து 106. மேல் பாஸில் சத்தம் 2.6 டெசிபல் கூடும். ஆனால் க்யூடிஎஸ் 0.24-க்கு விழும். அதே 41 லிட்டர் பெட்டியில் மொத்த க்யூ 0.4-க்கு இறங்கி, 47 ஹெர்ட்ஸில் சரிவு 3 டெசிபலாக இருந்தது 8 டெசிபல் ஆகிவிடும். கூட்டிக் கழித்தால் 47 ஹெர்ட்ஸில் முன்பைவிட 2 டெசிபலுக்கு மேல் குறைவு. ‘இவ்வளவு விலை கொடுத்தும் அடி பாஸ் இல்லை’ என்று புலம்புவது இதனால்தான்.

ஆனால் அந்தச் சரிவை டிஎஸ்பியில் (டிஜிட்டல் ஒலித் திருத்தியில்) தூக்கிக்கொள்ளத் தெரிந்தவருக்குப் பலமான மோட்டார் வரம். ஒரு குறிப்பிட்ட சத்தத்துக்குக் கோனைத் தள்ள வேண்டிய விசை எந்த மோட்டாருக்கும் ஒன்றுதான். பலம் இரண்டு மடங்கானால் அதே விசைக்குக் காயிலில் வெப்பம் பாதி. இது எல்லா அதிர்வெண்ணிலும் உண்மை. எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுத்தால் 100-க்கு மேல் வரும் ஸ்பீக்கர் போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டிக்கு, 50-க்குக் கீழ் வருவது மூடிய பெட்டிக்கு என்பது பழைய கைக்கணக்கு. இந்த ஸ்பீக்கர் பிஎல் 14-இல் 61, எதற்கும் போகும். பிஎல் 19-இல் 112, போர்ட்டுக்குத்தான் போகும்.

திண்டுக்கல் வாசகர்: பலமான மோட்டார் ‘வேகமான’ பாஸ் தருமா?

தராது. அந்த ‘வேகம்’ பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே காயிலின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் குணம்) என்ன செய்கிறது, கிராஸ்ஓவர் (அதிர்வெண்களைப் பிரித்து அனுப்பும் சுற்று) எங்கே வெட்டுகிறது, அறை எவ்வளவு முழங்குகிறது என்பவற்றிலிருந்து வருவது. போல் பீஸில் தாமிர வளையமோ அலுமினிய வளையமோ போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள், இண்டக்டன்ஸைக் குறைக்கும் அது பிஎல்லைவிட உதவும்.

சென்னை வாசகர்: எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒரு பக்கம் சீராக ஓடக்கூடிய தூரம், மி.மீ.யில்) அதிகமுள்ள சப்வூஃபர்களில் மோட்டார் பலம் குறைவாகவே காட்டுகிறார்கள். ஏன்?

நீள ஓட்டத்துக்குக் கொடுக்கிற விலை அது. மேல் தகட்டின் கனம் 10 மி.மீ., காயில் சுற்றிய உயரம் 20 மி.மீ. என்றால், இருபுறமும் 5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எக்ஸ்மேக்ஸ் 5. சுற்றை 36 மி.மீ. ஆக்கினால் எக்ஸ்மேக்ஸ் 13. ஆனால் சந்துக்குள் நின்று தள்ளுவது எப்போதும் அதே 10 மி.மீ. கம்பிதான். மீதி 26 மி.மீ. கம்பி சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். பிஎல் மாறாது, ஆர்ஈ 1.8 மடங்கு. மோட்டார் பலம் 55 சதவீதத்துக்கு வந்துவிடும். போதாதற்குக் காயிலின் எடையும் கூடும். இதை ஈடுகட்டத்தான் இரட்டைக் காந்தம், நாலு அடுக்குக் காயில் எல்லாம்.

இன்னொன்று: தாளில் உள்ள பிஎல், கோன் அசையாமல் நடுவில் இருக்கும்போதைய எண். கோன் முன்னும் பின்னும் போகும்போது பிஎல் குறைந்துகொண்டே போகும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள கிளிப்பல் நிறுவனத்தின் அளவீட்டு முறையில், பிஎல் நடுமதிப்பில் 82 சதவீதமாக இறங்கும் இடத்தை 10 சதவீத உருக்குலைவின் எல்லையாகக் கொள்கிறார்கள். சப்வூஃபருக்குக் கொஞ்சம் தாராளமாக 70 சதவீதம். அந்த வரைபடத்தை வெளியிடுகிற நிறுவனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். வளைவின் மேல்பகுதி தட்டையாக, இருபுறமும் ஒரே மாதிரி சரிய வேண்டும். நடுவில் கூராக இருந்தால், தாளில் பெரிய பிஎல் இருந்தும் சத்தம் வைத்தவுடன் பாஸ் கசங்கும்.

மதுரை வாசகர்: வீட்டிலேயே பிஎல் அளக்க முடியுமா?

முடியும். வேண்டியவை: ஒரு கிலோ உப்புப் பாக்கெட், 63 மி.மீ. பிவிசி குழாயில் வெட்டிய இரண்டு சென்டிமீட்டர் உயர வளையம், வோல்டேஜைத் திருகிக் கூட்டக்கூடிய பவர் சப்ளை, மல்டிமீட்டர், ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர் காலிப்பர், சமையலறைத் தராசு. பவர் சப்ளை இல்லையென்றால் ஒரு லித்தியம் செல்லும் 10 ஓம், 25 வாட் ரியோஸ்டாட்டும் (திருகி மாற்றக்கூடிய மின்தடை) போதும்.

ஸ்பீக்கரை வாய் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். ஸ்கேலை ஃபிரேமின் குறுக்கே போட்டு, அதிலிருந்து கோனின் ஒரு குறிப்பிட்ட புள்ளி வரை ஆழத்தை வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வளையத்தை டஸ்ட் கேப் (கோனின் நடுவிலுள்ள மூடி) கோனோடு சேரும் இடத்தில் வைத்து, அதன்மேல் பாக்கெட்டை வையுங்கள். நேராக டஸ்ட் கேப்பின்மேல் வைத்தால் அது நசுங்கும். வளையமும் பாக்கெட்டும் சேர்ந்து 1,000 கிராம் இருக்கும்படி உப்பைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். கோன் சுமார் 2 மி.மீ. இறங்கும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் சீரிஸாகச் சேர்த்து, மின்னோட்டத்தை மெல்லக் கூட்டுங்கள். கோன் இன்னும் இறங்கினால் ஒயரை மாற்றிக் கொடுங்கள். பழைய ஆழத்துக்கே கோன் ஏறி வந்ததும் ஆம்பியரைப் படியுங்கள். 9.81-ஐ அந்த ஆம்பியரால் வகுத்தால் பிஎல். 0.70 காட்டினால் 14.

கடையில் பயன்படுத்தும் இரும்பு எடைக்கல்லை மட்டும் வைக்காதீர்கள். கீழே இருக்கும் காந்தம் அதை இழுத்து எடையைக் கூட்டிக் காட்டும். காயிலை நடுவில் தாங்கும் ஸ்பைடர் துணி பாரத்தில் மெல்ல மெல்லத் தொய்யும், அதனால் பாரம் வைத்ததும் நிதானமாக இருந்துவிடாமல் அரை நிமிடத்துக்குள் அளவை முடித்து, மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஆர்ஈ அளக்கும்போது மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அப்போது காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழிக்காவிட்டால் கணக்கு முழுவதும் சாயும்.

காரைக்குடி வாசகர்: இரட்டைக் காயில் சப்வூஃபரில் ஒரு காயிலை மட்டும் இணைத்து ஓட்டலாமா?

ஓடும். ஆனால் மோட்டார் பலம் சரிபாதி. க்யூஇஎஸ் 0.46-லிருந்து 0.92. சின்னப் பெட்டியில் போட்டால் பாஸ் தளும்பும், தாங்கும் வாட்டும் பாதிதான். அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது: சும்மா கிடக்கும் காயிலின் இரண்டு முனைகளையும் ஒயரால் ஷார்ட் செய்யுங்கள். கோன் ஆடும்போது அந்தக் காயில் பிரேக் போல இழுக்கும், க்யூடிஎஸ் பழையபடி 0.42-க்குத் திரும்பும். இழந்த சத்தம் திரும்பாது. ஷார்ட்டுக்குப் பதில் சில ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ஆம்ப் இணைந்திருக்கும் காயிலில் தவறியும் இதைச் செய்யாதீர்கள்.

புதுச்சேரி வாசகர்: காயில் எரிந்து ரீகோன் செய்து வாங்கினேன். சத்தம் குறைந்துவிட்டது, ஆம்ப் கொதிக்கிறது. மல்டிமீட்டர் 1.9 காட்டுகிறது. முன்பு 3.6 காட்டியது.

நாலு அடுக்குக் காயில் இருந்த இடத்தில் அதே கம்பியில் இரண்டு அடுக்குக் காயிலை ஏற்றியிருக்கிறார்கள். கம்பியின் நீளம் பாதி, ஆகவே பிஎல்லும் ஆர்ஈயும் பாதி. மல்டிமீட்டர் முனைகளின் 0.2 ஓமைக் கழித்தால் 3.4 ஓம் 1.7 ஆகியிருக்கிறது, பிஎல்லை நம் ஸ்பீக்கரின் 14 என்றே வைத்தால் இப்போது 7. 7 × 7 ÷ 1.7 = 28.8. மோட்டாரில் பாதி போய்விட்டது, ஆம்புக்கோ பளு இரண்டு மடங்கு. மெல்லிய காயில் என்பதால் இரும்புக்கும் அதற்கும் இடைவெளி கூடி, சூடு இறங்க வழியில்லாமல் இதுவும் சீக்கிரம் எரியும். ஓட்டாதீர்கள்.

மறுபடி கொடுக்கும்போது எரிந்த பழைய காயிலையே எடுத்துப் போங்கள். உள்விட்டம், சுற்றிய உயரம், அடுக்குகளின் எண்ணிக்கை, கம்பியின் கனம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். உள்விட்டம் மட்டும் பார்த்து ‘செட் ஆகும் சார்’ என்பார்கள். ஒட்டும்போது சுற்றின் நடுப்பகுதி மேல் தகட்டின் நடுக்கனத்துக்கு நேராக நிற்க வேண்டும். 3 மி.மீ. வெளியே தள்ளி ஒட்டிவிட்டால் முன்னோக்கிய ஓட்டத்தில் பிஎல் சீக்கிரம் விழும், கோன் ஒரு பக்கமாகவே ஒதுங்கி நிற்கும்.

நாகர்கோவில் வாசகர்: பழைய ஸ்பீக்கரின் பின்னால் இன்னொரு காந்தம் ஒட்டினால் பலம் கூடுமா?

இரும்பு ஏற்கெனவே நிறைவுறாத மோட்டாராக இருந்தால் பிஎல் சில சதவீதம் கூடும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஃபெரைட் வளையம் ஒன்றை, கிட்டே கொண்டுபோகும்போது தள்ளுகிற பக்கமாகத் திருப்பி பின்தகட்டில் எபாக்சியால் ஒட்ட வேண்டும். ஈர்க்கிற பக்கமாக ஒட்டுவதுதான் வழக்கமான தவறு, அது உதவாது. தள்ளுவதால் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க இறுக்கி வைக்க வேண்டியிருக்கும். நடுவில் காற்றுத் துளை இருந்தால் அதை மூடாத வளையமாகப் பாருங்கள்.